உச்சி யாருக்குச் சொந்தம்

என் சமையலறை மேசைக்குக் காலையில் வந்துகொண்டிருந்த வெயிலை ஒரு வேலி தின்றுவிட்டது. ஒரே நாளில் தின்னவில்லை. முதல் வருஷம் முழங்கால் உயரம். அடுத்த வருஷம் இடுப்பு. அப்புறம் என் தலையைத் தாண்டியது, ஜன்னலைத் தாண்டியது, ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் கூரைக்கு மேலே நின்று என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. லேலண்டி என்று பெயர். வருஷத்துக்கு மூன்றடி வளரும், குளிர்காலத்திலும் ஓர் இலை உதிர்க்காது. நர்சரியில் சின்னத் தொட்டியில் நிற்கும்போது பார்த்தால் பாவமாக இருக்கும். இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பகையாளிகளாக்க இதைவிடச் சுலபமான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பகல் பதினொரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவும் வாழ்க்கை என்னுடையது. டாக்டர் என் எலும்புப் படத்தைப் பார்த்துவிட்டு, "காலைல ஜன்னல் பக்கத்துல உக்காந்து வெயில் வாங்குங்க, மிஸஸ் டாப்செல். எலும்புக்கு நல்லதோ இல்லையோ, மனசுக்கு நல்லது" என்றாள். எந்த ஜன்னலில் என்று கேட்டேன். அவளுக்குப் பதில் தெரியவில்லை.

என் அக்கா மியூரியலுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஸ்கெக்னஸில் கடலோரத்தில் இருக்கிறாள். "இங்க வந்துடு வின்னி. வெயில் கூடத்துல வந்து கொட்டுது. செப்டம்பர்ல பின்னாடி ரூம் காலியாகுது. வீட்ட வித்துட்டு வா" என்று வாராவாரம் போனில் சொன்னாள். வெயில் கொட்டுவது உண்மைதான். ஆனால் அதே கூடத்தில் மியூரியலும் இருக்கிறாள். காலைச் சாப்பாட்டின்போது பேப்பரில் செத்தவர்கள் பகுதியைச் சத்தமாகப் படிப்பாள். பாலை முதலில் ஊற்றினால் ஒரு பெருமூச்சு, தேநீரை முதலில் ஊற்றினால் வேறு ஒரு பெருமூச்சு. அவளோடு நான் இருந்த மிக நீண்ட காலம் ஒரு ஈஸ்டர் விடுமுறை. அதிலேயே எங்களில் ஒருத்தி கத்தரிக்கோலைத் தேடினாள். யார் என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அவள் விடுவதாயில்லை. வீடு விற்றுத் தரும் தரகர் ஒருவனை அனுப்பிவிட்டாள். அவன் என் சமையலறையில் நின்று சுற்றிலும் பார்த்தான். "இது நிலவறையா மேடம்?" என்று கேட்டான். தரைத்தளம் என்றேன். அவன் ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

ஆக விஷயம் இவ்வளவுதான். செப்டம்பருக்குள் அந்த வேலி இறங்க வேண்டும். இல்லையென்றால் நான் மியூரியலிடம் போக வேண்டும்.

வேலி மிஸ்டர் பில்பீமுடையது. அவர் வீடும் என் வீடும் முதுகோடு முதுகு. அவர் வாசல் வேறு தெருவில், என் வாசல் இந்தத் தெருவில், இரண்டு தோட்டங்களும் பின்னால் வந்து முட்டிக்கொள்ளும் இடத்தில் வேலி. அவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தவர், இப்போது ஓய்வு. முன்னெல்லாம் மரக்கிராதிக்கு மேலே அவர் தொப்பி நகர்வதைப் பார்த்திருக்கிறேன். "நல்ல வெயில்" என்பார். "ஆமா, ரொம்ப நல்ல வெயில்" என்பேன். வேலி வளர்ந்த பிறகு அந்தத் தொப்பியையும் பார்க்கவில்லை, வெயிலையும் பார்க்கவில்லை.

"போய் நேரா கேட்டுடேன்" என்றாள் மியூரியல். நேராகக் கேட்பதாம். ஒரு மனிதர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் வேலி எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு முன்னால் சொல்வதா? என்னைப் பெற்றவர்கள் அப்படி வளர்க்கவில்லை.

அதனால் முறைப்படி நடந்துகொண்டேன். அடுத்தவர் வேலி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் எல்லைக்கோடு வரை நாம் வெட்டலாம். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடக் கூடாது. என் பக்கத்தை வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டினேன், நீளக்கம்புக் கத்தரி எட்டும் உயரம் வரை, மேஜைவிரிப்பை இஸ்திரி போட்ட மாதிரி. பச்சையில் மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பழுப்புக் கட்டையில் கத்தி பட்டால் தீர்ந்தது, லேலண்டி அந்த இடத்தில் மறுபடி துளிர்க்கவே துளிர்க்காது. அந்த ஈஸ்டருக்கு வந்த மியூரியல் "உதவி" செய்கிறேன் என்று உள்ளே கொத்திவிட்டாள். அந்த இடம் இன்னும் வழுக்கையாகவே இருக்கிறது. அடுத்தவர் வேலி, பார்க்கும்போதெல்லாம் கூசும்.

உச்சியை நான் தொடவில்லை. அடுத்தவர் வேலியின் உச்சியைத் தொட நான் யார்? அவரும் தொடவில்லை. கிராப்பு வைத்த தலையில் மேலே மட்டும் சீவாத முடி மாதிரி அது வளர்ந்துகொண்டே போனது.

இன்னொன்றும் உண்டு. வெட்டிய தழை வேலிச் சொந்தக்காரருக்குத்தான் சேரும். அது சட்டம். ஆகவே ஒவ்வொரு அக்டோபரும் தழையைப் பைகளில் கட்டி, காரில் ஏற்றி, தெருவைச் சுற்றிக்கொண்டு போய், அவர் வாசலில் மரியாதையாக வைத்துவிட்டு வருவேன். திரும்பி வந்தால் என் வாசலில் பைகள் நிற்கும். அத்தனையும் லேலண்டித் தழை. வைத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறாரா? அதுவும் என்னைவிட இறுக்கமாகக் கட்டி? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே கிடையாது. நான் முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். கோபம் வந்தால் என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும். வாசற்படியில் நின்று மிதித்துவிட்டு, அந்தப் பைகளைக் குப்பைக் கிடங்குக்கு எடுத்துப் போவேன். கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். "வேலியை இவ்வளவு நேர்த்தியாக வைத்திருப்பதற்கு நன்றி" என்று எழுதி, கீழே ராட்னி பில்பீம் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, நானும் அதே வரியை எழுதி அனுப்புவேன்.

இப்படியே பதினொரு வருஷம் போயிற்று. கடைசியில் கவுன்சிலில் புகார் கொடுத்தேன். முகத்துக்கு முன்னால் சொல்வதுதான் நாகரிகக் கேடு. அரசாங்கத்திடம் சொல்வதில் தப்பில்லை.

மே மாதம் ஒருநாள் மத்தியானம் கவுன்சில் ஆள் வந்தார். பெயர் டெஸ்மண்ட் கிரிக். கழுத்து நீளம், கால்சட்டை சைக்கிள் சங்கிலியில் மாட்டாமலிருக்க இரண்டு கணுக்காலிலும் கிளிப். உயரமான வேலிகளுக்கென்றே கவுன்சில் அவரை வைத்திருந்தது.

"ரெண்டு புகார் வந்திருக்கு மேடம்" என்றார். "ஒண்ணு உங்களுது. மிஸ்டர் பில்பீமோட வேலி உங்க காலை வெயில மறைக்குதுன்னு."

"மறைக்குது. பாருங்க, மே மாசத்துல விளக்கு எரியுது."

"இன்னொண்ணு மிஸ்டர் பில்பீமோட புகார். போன வாரம் குடுத்திருக்காரு. உங்க வேலி அவரோட சாயங்கால வெயில மறைக்குதாம்."

"எனக்கு வேலியே கிடையாதே!"

"அப்படித்தான் அவரும் சொன்னாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். கிரிக் தன் சங்கடத்தை விளக்கினார். புகாரை வேலியின் சொந்தக்காரர் மேல்தான் போட முடியுமாம். சொந்தக்காரர் இல்லையென்றால் வேலி மேல் தப்பே கிடையாதாம்.

"அப்போ தப்பு யாரு மேல? சூரியன் மேலயா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு எங்ககிட்ட பிரிவு இல்ல மேடம்" என்றார்.

உயரத்தையும் அளக்க வேண்டும், அடிமரங்கள் எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கின்றன என்றும் பார்க்க வேண்டும். அடிமரங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் கோட்டின் மேலேயே, ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. பெருமூச்சு விட்டுவிட்டு என் ஏணியைக் கடன் கேட்டார். ஏணியில் ஏறினால் கீழே இன்னொருத்தர் நின்று பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்த இன்னொருத்தர் மகரந்த ஒவ்வாமையில் வீட்டில் தும்மிக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷ வேலைதான்" என்று கிரிக் ஏறினார். ஒழுங்காக வெட்டிய பகுதியைத் தாண்டி, பரட்டைத் தலை தொடங்கும் இடத்தில் அளவு நாடாவை நீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

ஏணி அப்படியே நின்றது. ஆளைக் காணவில்லை. வேலி ஒருதடவை அசைந்து அடங்கியது. மேலேயிருந்து ஒரு கிளிப் மட்டும் என் காலடியில் விழுந்தது.

"மிஸ்டர் கிரிக்?"

"பரவாயில்ல மேடம்" என்றது வேலி. "எனக்கு ஒண்ணும் ஆகல. உக்காந்துதான் இருக்கேன்."

"இறங்க முடியுமா?"

"முடியாதுன்னு நினைக்கிறேன். ஒரு கால் எங்க இருக்குன்னு தெரியல. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம், பக்கத்துல ஒரு புறா முட்டை மேல உக்காந்திருக்கு. என்னையே பாக்குது."

"தீயணைப்புக்கு போன் பண்றேன்."

"ஐயோ வேண்டாம்! அவங்க வந்தா அறிக்கை எழுதணும். தனியா ஏறினேன்னு தெரிஞ்சிடும். அதோட, கூடு கட்டின புறாவக் கலைக்கிறது குற்றம். வேலிக்குப் பொறுப்பான அதிகாரியே அதப் பண்ணக் கூடாது."

இப்படிப்பட்ட நேரத்தில் எந்த மனிதரும் செய்வதை நானும் செய்தேன். தேநீர் போட்டேன். ஃபிளாஸ்கில் ஊற்றி, துணிக்கொடிக்கு முட்டுக்கொடுக்கும் நீளக் கம்பின் நுனியில் கட்டி, மேலே நீட்டினேன். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

அதே சமயம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தூண்டில்கோல் ஒன்று எழும்பியது. நுனியில் இஞ்சி பிஸ்கட் பொட்டலம் ஆடியது.

"நன்றி மேடம். நன்றி சார்" என்றார் கிரிக். "இப்ப ரெண்டு பக்கமும் கவனிச்சுட்டீங்க."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். மிஸ்டர் பில்பீமின் குரல், பல வருஷத்துக்குப் பிறகு. "மிஸஸ் டாப்செல்கிட்ட கேளுங்க, ஏணி அவங்களுதான்னு."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. கைநீட்டினால் தொடும் தூரம். ஆனாலும் அவர் என்னிடம் கேட்கவில்லையே. காத்திருந்தேன்.

"மேடம், ஏணி உங்களுதான்னு சார் கேக்குறாரு."

"ஆமான்னு சொல்லுங்க."

"ஆமாங்கறாங்க சார்."

"நல்ல ஏணின்னு சொல்லுங்க."

"நல்ல ஏணியாம் மேடம்."

"நன்றி சொல்லுங்க. அவர்கிட்ட கத்தரி இருந்தா, அவர் வேலிய அவரே கொஞ்சம் வெட்டி உங்கள எடுத்துடலாமே."

அந்தப் பக்கம் தூண்டில்கோல் கீழே இறங்கியது. அப்புறம், மெதுவாக, பிஸ்கட்டை விட மென்மையாக, "இன்னொருத்தங்க வேலிய அவங்க அனுமதி இல்லாம நான் எப்படி வெட்டுறது? அவங்க அனுமதி குடுக்குறாங்களான்னு கேளுங்க" என்றார்.

என் கால் பிரேக்கை மிதித்தது. "கிரிக், இத அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க. இந்தச் செடிகள நட்டது அவரு சம்சாரம் சீலியா. மண்வெட்டியோட குழி தோண்டினத என் சமையலறை ஜன்னல்லேர்ந்து என் கண்ணால பாத்தேன். அப்ப ஜன்னல்லேர்ந்து பாக்க முடிஞ்சுது!"

"சார், உங்க மனைவி மண்வெட்டியோட—"

"கேட்டுது" என்றார் பில்பீம். "அவங்ககிட்ட சொல்லுங்க, சீலியாவுக்கு முதுகுவலி, ஒரு தேக்கரண்டி மண்ணக்கூட தூக்க மாட்டா. செடிக்கெல்லாம் பூவாளியில தண்ணி ஊத்தினது அவங்க வீட்டுக்காரர் லயனல். கோடை முழுக்க, ஒரு நாள் தவறாம. என் பியானோ பக்கத்துலேர்ந்து பாத்தேன்."

லயனலா? வீட்டில் கெட்டிலைக்கூட நிரப்பத் தெரியாத லயனலா? ஆமாம், ஊற்றினான். நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி நட்டதற்கு இவன் உதவுகிறான், எவ்வளவு நல்ல குணம் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனை மெச்சியது அந்த ஒரு கோடையில்தான்.

கிரிக்குக் குஷியாகிவிட்டது. வேலிக்குள்ளிருந்து பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தத்தோடு அவர் கணக்குப் போட்டார். "அப்ப விஷயம் முடிஞ்சுது. ஒருத்தர் நட்டாங்க, ஒருத்தர் தண்ணி ஊத்தினாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வளத்திருக்காங்க. அவங்க ரெண்டு பேரும் ஒரு கையெழுத்து போட்டா போதும். சார், உங்க மனைவி வீட்ல இருக்காங்களா?"

"இல்ல" என்றார் பில்பீம். "செடி நட்ட வருஷமே போயிட்டா. படம் வரையணும்னு. போர்ச்சுகலுக்கு."

"மேடம், உங்க வீட்டுக்காரர்?"

சீலியா செத்துப்போனாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். திடீரென்று காணாமல் போனாள், அவரும் ஒன்றும் சொல்லவில்லை, துருவிக் கேட்பது அழகில்லை, அனுதாபம் சொல்லாமல் விட்டோமே என்று உறுத்தல் வேறு. லயனல் செத்துப்போனான் என்று அவரும் நினைத்திருக்கிறார். அதனால்தான் கிறிஸ்துமஸ் அட்டையில் என் பேர் மட்டும், அவ்வளவு மெல்லிய கையெழுத்தில்.

"மேடம்?"

"போர்ச்சுகல்" என்றேன். "நடன வகுப்புல பழக்கமான ஒருத்தியோட. அவ பேரு கேக்கல."

"அட, நல்லதாப் போச்சு, ஒரே நாட்டுலதான—" என்று ஆரம்பித்த கிரிக் பாதியில் நிறுத்தினார்.

லயனல் போனதில் எனக்கு வருத்தமில்லை. அது எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் வெட்கம் என் காது வரை ஏறியது. அவர்கள் இரண்டு பேரும் பட்டப்பகலில், இரண்டு ஜன்னல்களுக்கு முன்னால், நின்று பேச ஒரு சாக்காக இந்தச் செடிகளை நட்டிருக்கிறார்கள். நாங்கள் ஆளுக்குப் பாதியைப் பார்த்துவிட்டு, மீதியைக் கேட்காமல் இருந்திருக்கிறோம். என் வாசலுக்கு வந்த பைகளும் அவர் பக்கம் வெட்டிய தழைதான், என்னுடையதைத் திருப்பியது இல்லை. அவர்கள் அங்கே கடற்கரையில் வெயில் காய, இங்கே நான் அவர்கள் வேலிக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். முட்டாள், முட்டாள், முட்டாள்.

"மிஸஸ் டாப்செல்" என்றார் பில்பீம்.

கிரிக் அதைத் திருப்பிச் சொல்லக் காத்திருந்தேன். கிரிக் சொல்லவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அவர் என்னைத்தான் கூப்பிட்டார்.

"சொல்லுங்க, மிஸ்டர் பில்பீம்."

"இது அவங்க வேலின்னா, இதுக்கு நான் மரியாதை காட்ட மாட்டேன்."

"நானும் மாட்டேன்."

அந்தப் பக்கம் ஏணி மோதும் சத்தம் கேட்டது. நானும் கத்தரியோடு ஏறினேன். முழங்கால் வலித்தது, பொருட்படுத்தவில்லை. புறா இடப்பக்கம் என்று கிரிக் சொன்னதால் வலப்பக்கத்தில் தொடங்கினோம். பச்சை முடிந்து பழுப்பு வந்தது.

"பழுப்புல வெட்டாதீங்க!" என்று கிரிக் உள்ளிருந்து கிசுகிசுப்பாகக் கத்தினார். "திரும்ப வளரவே வளராது!"

"வளர வேண்டாம்" என்றேன்.

"வேண்டவே வேண்டாம்" என்றது அந்தப் பக்கம்.

முதலில் கிரிக்கின் ஒரு காது வெளிப்பட்டது, அப்புறம் தோள், அப்புறம் காணாமல் போன கால். தலையில் புறா எச்சத்தோடு அவரை என் ஏணிக்கு இழுத்து, வழிவிட நான் கொஞ்சம் கீழே இறங்கி, அவர் தரைக்குப் போனதும் மறுபடி ஏறினேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. வேலியில் உட்கார்ந்த மனிதன் அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தது. துளைக்கு அந்தப் பக்கம், ஏணி மேல், கத்தரியோடு மிஸ்டர் பில்பீம். தொப்பி இல்லை. முடியும் அவ்வளவாக இல்லை. காதில் ஒரு லேலண்டிக் கொழுந்து. சாயங்கால வெயில் என் தோளுக்கு மேலாகப் போய் அவர் முகத்தில் விழுந்தது, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டார்.

பதினொரு வருஷத்துப் பேச்சு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

"நல்ல வெயில்" என்றார்.

"ஆமா" என்றேன். "ரொம்ப நல்ல வெயில்."

கீழேயிருந்து கிரிக் தன் இன்னொரு கிளிப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

மறுநாள் காலை, தட்டு அளவுக்கு ஒரு வெயில் அந்தத் துளை வழியாக வந்து என் சமையலறை மேசையில் விழுந்தது. அவித்த முட்டையைத் தூக்கி அதில் வைத்தேன். வெயில் நகர்ந்தது, முட்டையை நகர்த்தினேன், நாற்காலியை நகர்த்தினேன். அது அடுப்பைத் தாண்டி மறையும்வரை துரத்திக்கொண்டே சாப்பிட்டேன். அன்று சாப்பிட்டது வயிற்றில் சேர்ந்ததோ இல்லையோ, மனது நிறைந்தது.

ஆனால் தட்டு அளவு வெயிலை நம்பி மியூரியலை மறுக்க முடியாது. "ஒரு தட்டா?" என்றாள் போனில். "இங்க பரணெல்லாம் வெயில். நான் செப்டம்பர்ல வந்து பெட்டி கட்டுறேன்." கிரிக்கின் பதிலும் வந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் வேலியைத் தொடக்கூடாது. சொந்தக்காரர் யாரென்று தெளிவாகாதவரை கவுன்சில் எதுவும் சொல்வதற்கில்லை. தேநீருக்கு நன்றி.

கோடை முழுக்க புறா என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். சாயங்காலங்களில் துளை வழியாகப் பியானோ கேட்டது. முன்பும் வாசித்திருப்பார் போலும், தழை விழுங்கியிருக்கும். ஒருநாள் ஒரே இடத்தில் தப்பாக மறுபடி மறுபடி வாசித்தார். ஏணியில் ஏறி, "அந்த இடம் எனக்கும் பிடிக்கல, விட்டுடுங்க" என்று கத்தினேன். விட்டுவிட்டார். முகத்துக்கு முன்னால் சொன்ன முதல் விஷயம் அதுதான். ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பரில் மியூரியல் இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். புறாக்களும் பறந்துவிட்டிருந்தன. மிஸ்டர் பில்பீம் மரம் வெட்டும் ஆள் ஒருவனுக்குச் சொல்லியிருந்தார். அவன் ரம்பத்தோடு வந்து என் தோட்டத்தில் நின்று, வேலியின் உச்சியை அண்ணாந்து பார்த்து விசில் அடித்தான்.

"இது யாரு வேலி?" என்றான். "சொந்தக்காரர் சொன்னாத்தான் கை வைப்பேன். பின்னாடி ஒருத்தர் வந்து சண்டை போடுவாங்க, எனக்கு இது புதுசில்ல."

துளை வழியாக மிஸ்டர் பில்பீமின் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தார். வழக்கம் அவர் வாயில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது, என் வாயிலும் அதுதான் நின்றது. அவருடையது. அவங்களுடையது.

"ரெண்டு பேருதும் இல்ல" என்றாள் மியூரியல், என் நல்ல தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே. "போர்ச்சுகல்ல இருக்குற ரெண்டு பேருது. நீ கிளம்புப்பா. வின்னி, இந்த விரிசல் தட்ட எடுத்துக்கணுமா?"

அந்த ஆள் ரம்பத்தைக் கீழே வைத்தான். எனக்குப் பயமாக இருந்தது. உண்மையிலேயே பயம், மியூரியலின் கூடமும் அந்தப் பெருமூச்சுகளும் நான் சாகும்வரை. வாய் தானாகத் திறந்தது.

"எங்களோடது" என்றேன்.

"யாரோடது?" என்றாள் மியூரியல்.

"எங்களோடது" என்றது துளை. "அவங்களோடதும் என்னோடதும். பழகிப்போச்சு."

"உச்சியும் சேத்தா?" என்று கேட்டான் அந்த ஆள்.

"உச்சியும்" என்று சொன்னோம்.

"முழுசா எடுத்துடவா?"

இதை நாங்கள் பேசி வைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வேலி இல்லாமல் இரண்டு பேர் காலங்காலையில் இரவு உடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதா? அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

"நெஞ்சு உயரத்துக்கு விடுங்க" என்றேன். "ஒரு கோப்பை தேநீர கை மாத்துற உயரம்."

"அவ்ளோ கீழ வெட்டினா உச்சி பழுப்பாவே நிக்கும் மேடம். தழைக்காது. பலகை மாதிரி ஆயிடும்."

"கோப்பைய வைக்க வசதி" என்றார் மிஸ்டர் பில்பீம்.

மத்தியானத்துக்குள் உச்சி இறங்கிவிட்டது. வெயில் என் சமையலறைக்குள் அப்படியே கொட்டியது. மியூரியல் கையில் தட்டோடு நின்று சுற்றிலும் பார்த்தாள். "ஐயையோ, என்ன அழுக்கு" என்றாள். உண்மைதான். பதினொரு வருஷத்துத் தூசியும் சிலந்தி வலையும் மூலைக்கு மூலை பளபளத்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, செய்தித்தாளைப் பிரித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அது பாலுக்கானதா தேநீருக்கானதா என்று இனி நான் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாயங்கால ரயிலுக்கு அவள் காலிப் பெட்டிகளோடு போனாள்.

தழை மட்டும் மிச்சம் இருந்தது. நாற்பது பையாவது இருக்கும். மிஸ்டர் பில்பீம் இறுக்கமாகக் கட்டினார், நான் காரில் அடுக்கினேன். அடுக்கி முடித்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். வெட்டிய தழை சொந்தக்காரர் வாசலுக்குப் போக வேண்டும். எந்த வாசலுக்கு?

"ஏறுங்க" என்றேன்.

கிடங்குக்கு நான்தான் ஓட்டினேன். மடியில் ஒரு பையோடு அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார், முப்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்த பக்கத்தில். முதல் திருப்பத்தில் அவர் கால் இல்லாத பிரேக்கை ஒருதடவை மிதித்தது. நான் சிரித்துவிட்டேன். மேற்கிலிருந்து வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணாடிக்கு மேலிருக்கும் மறைப்பை இறக்கட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம், ராட்னி" என்றேன். "அடிக்கட்டும்."